ஊர் நகரவில்லை; கோடுதான் நகர்ந்தது!



பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும்போது ஒரு படிவம் தருவார்கள். அதில் மாகாணம், மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கிராம சேவகர் பிரிவு என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். நாமும் யோசிக்காமல் நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். அந்தக் கட்டங்களை யார் வரைந்தார்கள், எப்போது வரைந்தார்கள், அதற்கு முன்னால் நம் ஊர் எந்தக் கட்டத்துக்குள் இருந்தது என்று என்றாவது கேட்டிருக்கிறோமா?

புத்தளம் கரையோர மக்கள் இந்தக் கேள்வியை அவசியம் கேட்க வேண்டும். முஸ்லிம்களும் தமிழர்களும் சிங்களவர்களும், கத்தோலிக்க மீனவர்களும் இந்துக்களும் பௌத்தர்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் எல்லைப்புறம் இது. இந்தக் கரையை ஆண்ட ஒவ்வொருவரும் தத்தம் வசதிக்கேற்ப ஒரு கோடு போட்டார்கள். ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. கோடு மட்டும் நகர்ந்தது. அது நகர்ந்தபோதெல்லாம் நம் வாழ்க்கையும் சேர்ந்தே மாறியது.

யாருடைய கரை?

1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து கப்பலேறிய இப்னு பதூதா, காற்றின் போக்கில் இலங்கைக் கரையை வந்தடைந்தார். அவர் 'பத்தாலா' என்று குறிப்பிடும் பட்டினம் புத்தளம்தான் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் முடிவு. அங்கே அவரை வரவேற்று, பாவாதமலைக்குப் போக ஏற்பாடு செய்து கொடுத்தவர் யாழ்ப்பாண அரசரான ஆரியச் சக்கரவர்த்தி. அப்படியென்றால் அன்றைக்கு யாழ்ப்பாணத்தின் கை புத்தளம் வரைக்கும் நீண்டிருந்தது என்றுதானே பொருள்?

பிற்காலத்தில் புத்தளம் கண்டி இராச்சியத்தின் துறைமுகமாயிற்று. மலைநாட்டில் உப்பு விளையாது. கரையோர உப்பு மாட்டு முதுகில் ஏறி மலைக்குப் போனது. இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் ஒல்லாந்தர். களப்பின் வாயில் காவல் இருந்தால் கண்டியின் குரல்வளை தங்கள் கையில் என்று கணக்குப் போட்டார்கள். கற்பிட்டியில் 1667ல் கோட்டை கட்டத் தொடங்கி 1676ல் முடித்தார்கள். களப்பின் ஒரு கரையில் கண்டி மன்னனின் ஊர், மறுகரையில் ஒல்லாந்தரின் கோட்டை! இரு கரையிலும் வாழ்ந்தவர்களோ கொண்டும் கொடுத்தும் வந்த சொந்தக்காரர்கள். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கண்டி மன்னன் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தருக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. 1795ல் கற்பிட்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1815ல் கண்டியும் வீழ்ந்தது.

பெயர் சொல்லும் கதை

பழைய நிர்வாகப் பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். கற்பிட்டித் தீபகற்பத்து ஊர்களுக்கு 'அக்கரைப்பற்று' என்று பெயர் இருந்தது. கிழக்கிலங்கையின் அக்கரைப்பற்றோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எது அக்கரை, எது இக்கரை? புத்தளம் பக்கத்தில் நின்றவர் வைத்த பெயர் அது. தீபகற்பத்தில் நின்று பார்த்தால் புத்தளம்தானே அக்கரை!

உள்நாட்டுப் பக்கம் ஆனமடுவைப் பகுதிக்குச் சிங்களத்தில் 'தெமள ஹத்பத்துவ' என்று பெயர். தமிழ் ஏழு பற்று என்று அர்த்தம். அங்கே இன்று வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் சிங்களம் பேசுகிறவர்கள். பேசும் மொழி மாறியும் பெயர் மாறவில்லை. எவர் எவரோடு கலந்தார், எப்படி மாறினார் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி. 'இந்த மண் எங்களுக்கு மட்டும்' என்று எவர் உரிமை கொண்டாட வந்தாலும், அந்தப் பெயரை நினைவூட்டினால் போதும்.

இந்தக் கலப்பை எழுத்தில் பதித்தவர் கற்பிட்டியில் 1807ல் பிறந்த சைமன் காசிச்செட்டி. புத்தளத்தில் மணியகாரராக இருந்து, பின்னர் சட்டநிரூபண சபை உறுப்பினராகவும் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகவும் உயர்ந்தவர். 1834ல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட இலங்கை ஊர்ப்பெயர் அகராதி, இன்றும் ஆய்வாளர்கள் புரட்டும் நூல். முக்குவர் வழக்கங்களையும் சோனகர் வழக்கங்களையும் அவர் குறித்து வைத்தார். கச்சேரி உத்தியோகம் பார்த்த ஒருவர் தாம் ஆளும் மக்களை அறிந்துகொள்ள இத்தனை பாடுபட்டிருக்கிறார் என்பதை இன்றைய அதிகாரிகளும் எண்ணிப் பார்க்கலாம்.

சீனத்திலும் இதே கதை

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய விஷயமல்ல. சீனாவின் மேற்கெல்லையில் உய்குர் முஸ்லிம்கள் வாழும் நிலத்தை 1884ல் மன்னராட்சி ஒரு மாகாணமாக்கியது. அதன் பெயர் 'சின்ஜியாங்'. புதிய எல்லை நிலம் என்பது பொருள். யாருக்குப் புதியது? தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்களுக்கா? தூரத் தலைநகரில் இருந்தவர்களுக்குத்தான் புதியது! 1955ல் அது உய்குர் தன்னாட்சிப் பிரதேசம் என்று பெயர் மாற்றப்பட்டது. அதற்குள்ளேயே கசாக், ஹுய், மங்கோலியர், கிர்கிஸ் இனத்தவர் பெயரில் தனித்தனி உட்பிரிவுகளும் வரையப்பட்டன. காகிதத்தில் தன்னாட்சி, அதிகாரமோ பெய்ஜிங்கில். பெயர்ப்பலகை வேறு, அதிகாரம் வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டியதில்லை.

இரண்டு மாவட்டம் ஒன்றானபோது...

நம் கதைக்குத் திரும்புவோம். 1833ல் ஆங்கிலேயர் இலங்கையை ஐந்து மாகாணங்களாகப் பிரித்தபோது புத்தளம் மேல் மாகாணத்துக்குள் வந்தது. 1845ல் வடமேல் மாகாணம் தனியாகப் பிரிக்கப்பட்டது. அதன் தலைநகரம் முதலில் புத்தளம்தான். பிறகுதான் குருநாகலுக்குப் போனது. தலைநகரம் போனால் பெரிய கச்சேரி போகும். கச்சேரி போனால் உத்தியோகமும் வீதியும் பாடசாலையும் அதன் பின்னாலேயே போகும்.

அடுத்த மாற்றம் பலருக்குத் தெரியாதது. 1953ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் புத்தளமும் சிலாபமும் இரண்டு தனி மாவட்டங்கள். 1963ஆம் ஆண்டு மதிப்பீட்டில் சிலாபம் என்ற மாவட்டமே இல்லை. இரண்டும் சேர்ந்து புத்தளம் மாவட்டமாகிவிட்டது. சிலாபம் சனத்தொகை மிகுந்த பகுதி. புத்தளமோ பரந்து கிடந்தும் ஆள் குறைந்த பகுதி. சிறிய பாத்திரத்துச் சர்க்கரையைப் பெரிய பாத்திரத்துத் தண்ணீரில் கொட்டினால் என்னவாகும்? சர்க்கரை குறையவில்லை, இனிப்புத்தான் குறைந்தது. ஒரு முஸ்லிம் குடும்பம்கூட இடம் பெயராமலே, மாவட்டத்தில் முஸ்லிம்களின் விகிதம் இறங்கிவிட்டது. இன்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

அது உடனே உறைக்கவில்லை. ஏனென்றால் அன்று தேர்தல் தொகுதி முறையில் நடந்தது. புத்தளம் தொகுதியின் உறுப்பினர் மர்ஹூம் எச். எஸ். இஸ்மாயில் 1956 முதல் 1959 வரை நாடாளுமன்றச் சபாநாயகராக அமர்ந்தார். 1977ல் அதே தொகுதியில் மர்ஹூம் நெய்னா மரிக்கார் வென்றார், பின்னர் நிதியமைச்சருமானார்.

1978ஆம் ஆண்டு யாப்பு மாவட்டம் முழுவதையும் ஒரே தேர்தல் களமாக்கியது. வாக்கு விகிதாசாரப்படி ஆசனம் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால், விருப்பு வாக்கில் வெல்லப் புத்தளம் நகரத்து வேட்பாளர் சிலாபத்திலும் நாத்தாண்டியிலும் வென்னப்புவையிலும் வாக்குத் தேட வேண்டியதாயிற்று. விளைவு? 1989ல் தொடங்கி 2020 வரை, முப்பத்தொரு வருடம், மக்கள் வாக்கால் நேரே தெரிவான ஒரு முஸ்லிம் உறுப்பினர் இந்த மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றம் போகவில்லை. தேசியப் பட்டியலில் கிடைத்த இடங்கள் கட்சித் தலைமை விரும்பிக் கொடுத்தவை. நாம் வென்றவை அல்ல.

நமக்குள் இருந்த போட்டியும் பிரிவினையும் இதற்குக் காரணமில்லையா என்று கேட்பீர்கள். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் யாரோ போட்ட கோட்டைப் பற்றி நாம் பேசவே இல்லை என்பதும் உண்மை.

ஆள் வந்தார்கள், பதிவு வரவில்லை

1990 ஒக்டோபர் இறுதியில் நடந்தது இதற்கு நேர்மாறானது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய வடக்கின் மாவட்டங்களிலிருந்து ஏறத்தாழ எழுபத்தையாயிரம் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டே மணி நேரம். மன்னார்க் கரையிலிருந்து வள்ளங்களில் ஏறியவர்கள் கற்பிட்டியில் வந்து இறங்கினார்கள். ஆலங்குடா, தில்லையடி, பாலாவி என்று தென்னந்தோப்புகளிலெல்லாம் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. புத்தளத்து மக்கள் அடுப்பையும் கிணற்றையும் பகிர்ந்தார்கள். அந்த உபகாரத்தை வடக்கு முஸ்லிம்கள் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது.

இந்த முறை கோடு அசையவில்லை. மக்கள்தான் கோட்டைத் தாண்டினார்கள். மோதரகம் ஆற்றுக்கு வடக்கே வட மாகாணம்; தெற்கே வடமேல் மாகாணம். ஆள் இங்கே, வாக்காளர் இடாப்பில் பெயர் அங்கே. பிள்ளை பிறந்தது இங்கே. காணி உறுதி அங்கே. வந்தவரை எந்த மாவட்டத்தில் கணக்கெடுப்பது? பல்கலைக்கழக அனுமதியில் பெரும் பங்கு மாவட்டக் கோட்டாவாக இருக்கும்போது, அகதிக் கொட்டிலில் படித்த பிள்ளை எந்த மாவட்டத்தின் பிள்ளை? இங்கே பதிந்தால் ஊரவர் பிள்ளையின் இடத்தைப் பறித்தாய் என்ற முணுமுணுப்பு. அங்கே பதிந்தால் ஊரை விட்டுப் போனவனுக்கு என்ன உரிமை என்ற கேள்வி. இரண்டு வீட்டுத் தாய்மாரின் கண்ணீரும் உண்மையானதுதான். ஆனால் ஒருவரையொருவர் நோவதில் பயனென்ன? இருவரையும் மோத விட்டது ஒரு படிவத்தின் கட்டம்.

யுத்தம் 2009ல் முடிந்தது. 2013ல், இடம்பெயர்ந்தோர் தம் பழைய ஊரில் வாக்காளராகப் பதிய விசேட சட்டம் வந்தது. 2019 நவம்பர் சனாதிபதித் தேர்தலன்று புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன பஸ் வண்டிகள் வழியில் தாக்கப்பட்டன. ஒரு வாக்குப் போட மாகாண எல்லை தாண்டிப் போக வேண்டியிருக்கிறதே, அந்த நிலையைத்தான் யோசியுங்கள்.

திரும்பிப் போனவர்களுக்கு இன்னொரு கோடு காத்திருந்தது. இருபது வருடம் ஆளில்லாத முசலிப் பிரதேசத்துக் காணிகளில் காடு வளர்ந்திருந்தது. 2012ல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கத்து நிலங்கள் வர்த்தமானி மூலம் வன ஒதுக்கு ஆயின. 2017 மார்ச்சில் மாவில்லு வன ஒதுக்குப் பிரகடனத்தில் அன்றைய சனாதிபதி கையெழுத்திட்டது மொஸ்கோவில் இருந்தபோது! காடு காக்கப்பட வேண்டியதுதான். அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்த ஊரின் பழைய குடியிருப்பாளரைக் கூப்பிட்டு, உங்கள் கிணறு எங்கே இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்ட பிறகு கோடு போட்டிருக்கலாமே!

நாம் செய்யக் கூடியது

கோடு போடும் அதிகாரம் நம் கையில் இல்லை. ஆனால் கோடு போடும் நேரத்தில் விழித்திருப்பது நம் கையில் இருக்கிறது.

முதலாவது, ஆண்டுதோறும் வாக்காளர் இடாப்பு திருத்தப்படும்போது வீட்டிலுள்ள பதினெட்டு வயதானோர் அனைவரின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். மருமகளாக வந்த பெண்ணின் பெயர்தான் அநேகமாக விடுபடுகிறது.

இரண்டாவது, காணி உறுதி, பழைய பங்கீட்டு அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம் எதையும் எறியாதீர்கள். 'நீ இந்த ஊரவன் என்பதற்கு என்ன ஆதாரம்?' என்று நாளை ஒரு மேசைக்கு அப்பாலிருந்து கேட்கும்போது, அவைதான் உங்களுக்காகப் பேசும். பிரதி எடுத்து வேறொரு வீட்டிலும் வையுங்கள்.

மூன்றாவது, எல்லை நிர்ணயம் பற்றிய அறிவித்தல் வந்தால் அதை அரசியல்வாதிக்கு மட்டும் விட்டுவிடாதீர்கள். மாகாண சபைகளுக்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018ல் நாடாளுமன்றத்தில் நிராகரிக்கப்பட்டது. அதனால் அந்தக் கேள்வி தீர்ந்துபோய்விடவில்லை. பள்ளிவாசல் நிர்வாகமும் மீனவர் சங்கமும் மாதர் சங்கமும் கோயில், தேவாலயப் பெரியவர்களும் ஒன்றாக உட்கார்ந்து எழுத்து மூலம் யோசனை கொடுக்கலாம். தமிழ், சிங்கள அயலவருக்கும் இதே கோடுகள் இதே தலைவலியைத்தான் தந்திருக்கின்றன.

நான்காவது, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பழைய ஊர்ப் பெயர்களையும் எல்லைகளையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எந்த மரம், எந்தக் குளம், எந்த மையவாடி என்று எழுதுங்கள். பிள்ளைகளை எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. கச்சேரியில் இல்லாத வரைபடம் அவர்கள் நெஞ்சில் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே வாங்கிக்கொள்ளுங்கள்.