தையல் பழகப் போகிற பிள்ளையின் கையில் என்ன கடதாசி?



"பிள்ளை காமன்டுக்குப் போயிட்டா" என்று லயத்தில் சொல்லக் கேட்கிறோம். என்ன வேலைக்குச் சேர்ந்தாள் என்று கேட்டால், "பயிற்சிக்குத்தான் எடுத்திருக்காங்களாம்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அந்தப் பயிற்சி எத்தனை மாதம், அதற்கு என்ன கடதாசி என்று கேட்பார் இல்லை. இம்முறை அதைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

உதாரணத்துக்கு மட்டக்களப்பு வாவிப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறோம். 1970களின் பஞ்ச காலத்திலும் 1977 கலவரத்துக்குப் பிறகும் எம்மவர் பலர் கிழக்கிலே போய்க் குடியேறினார்கள். கலியாணம், சாவு என்று இன்றும் போக்குவரத்து இருக்குது. சொந்தக்காரர் வீட்டில் தங்கி அங்கே வேலைக்குப் போகலாமா என்று எம்மிடம் கேட்கிற பிள்ளைகளும் உண்டு.

வாவிக்கரைக்குத் துணி புதுசு இல்லை. காத்தான்குடியிலும் தெற்கே மருதமுனையிலும் கைத்தறி நெடுங்காலத் தொழில். தறி பழகுவது வீட்டுக்குள்ளே, தாய் தகப்பன் பக்கத்தில் இருந்து. காமன்ட் வேலை அப்படி இல்லை. 1978இல் கட்டுநாயக்க வலயம் தொடங்கியது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தால் கிராமங்களுக்கும் அதைக் கொண்டுபோனார். யுத்த காலத்தில் மட்டக்களப்புப் பிள்ளைகள் பலர் ஊரை விட்டுக் கட்டுநாயக்க, பியகம என்று போனார்கள். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு பிரண்டிக்ஸ் போன்ற பெரிய கம்பனிகள் அந்த மாவட்டத்திலேயே தொழிற்சாலை திறந்தன. 2014இல் மண்முனைப் பாலம் வந்த பிறகு, படுவான்கரைப் பிள்ளைகள் அந்தத் துறையில் பாதைக்காகக் காத்து நிற்கிற கஷ்டம் தீர்ந்தது. (அங்கே பாதை என்றால் ஆட்களை ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவை.)

சரி, பயிற்சியில் என்ன நடக்குது? பொதுவாக, முதலில் துணியே கொடுக்கமாட்டார்கள். கோடு போட்ட கடதாசியில், நூல் இல்லாமல், ஊசி கோட்டை விட்டு விலகாமல் ஓட்டப் பழக்குவார்கள். நேர்கோடு, பிறகு வளைவு, பிறகு மூலை. மின்சார மெசின் வீட்டுத் தையல் மெசினைப் போல மெதுவாகப் போகாது. கால் அழுத்தம் கைக்கு வரவே சில நாள் பிடிக்கும். அதன் பிறகு நூல் கோர்ப்பது, பொபின் மாற்றுவது, ஓவர்லொக். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடிப் பிடித்துக் காட்டித்தான் புது ஊசி வாங்க வேணும். பிள்ளைகளுக்கு இது கெடுபிடியாகத் தெரியும். ஆனால் உடைந்த துண்டு ஒன்று குழந்தைச் சட்டையில் போய்விட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் சரியாகத்தான் படுகிறது.

பிறகு லைனில் போடுவார்கள். முழுச் சட்டையை ஒருவரே தைப்பது கிடையாது. ஒருத்திக்குத் தோள் மூட்டு, ஒருத்திக்குக் கை, ஒருத்திக்குக் கழுத்து. ஒரு டீசேட்டுக்குத் தோள் மூட்ட அரை நிமிடம் என்று கணக்குப் போட்டால் மணிக்கு 120 உருப்படி. இதுதான் டார்கெட். கொழுந்துக்கு இத்தனை கிலோ, குறைந்தால் அரைப்பேர் என்பது எம்மவருக்குத் தெரியாததா? அதே கணக்குத்தான், கூரைக்குக் கீழே நடக்குது. புதுப்பிள்ளையிடம் முதல் நாளே 120 கேட்பது நியாயம் இல்லை. எண்ணிக்கை படிப்படியாக ஏறுவதற்குத்தான் பயிற்சிக் காலம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் கவனம் வேணும். பயிற்சி இரண்டு வகை. ஒன்று, நைட்டா என்று சொல்கிற தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை வழியாகப் போவது. 1971ஆம் ஆண்டின் தேசிய பயிலுநர் சட்டத்தில் தொடங்கி, 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் இன்றைய உருவம் பெற்ற நிறுவனம் அது. இதில் ஒப்பந்தம் இருக்கும், காலம் குறித்திருக்கும், முடிவில் பரீட்சையும் சான்றிதழும் இருக்கும். மற்றது, தொழிற்சாலை தானே ஆள் எடுத்துப் பழக்குவது. அதுவும் கெட்டது என்று சொல்லவில்லை, பெரும்பாலான பிள்ளைகள் போவது அதில்தான். ஆனால் காலம் குறிக்காமல் "இன்னும் ட்ரெயினிதான்" என்று மாதக்கணக்கில் வைத்திருக்க அதில் இடம் உண்டு.

சம்பளம் வாங்குகிற பயிலுநரும் ஊழியர் சேமலாப நிதிக்கு உரியவர். பயிற்சி என்று சொல்லி அதைத் தள்ளிப்போட முடியாது. பிள்ளையின் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம், அதோடு நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். 27,000 ரூபா சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலில் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் அந்த அளவுக்கு உயர்ந்தது. முதலாளி பங்கு மட்டும் மாதம் 4,050 ரூபா. ஆறு மாதம் கட்டாமல் விட்டால் 24,300 ரூபா பிள்ளை கையை விட்டுப் போகுது. லயத்துக் கூரைக்குத் தகரம் வாங்கலாம்.

இன்னொன்று. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 16 வயது ஆகாத பிள்ளையை வேலைக்கு எடுக்க முடியாது. அதனால் அக்காவின் அடையாள அட்டையைக் கொடுத்துத் தங்கையை அனுப்புகிற வழக்கம் சில வீடுகளில் இருக்குது. தயவுசெய்து வேண்டாம். சேமலாப நிதி அட்டை இலக்கத்தோடு போகிற பணம். தங்கை உழைத்தது அக்கா பேரில் சேரும். காயம் பட்டால் யாருக்கு நட்டஈடு கேட்பது?

எழுத்தில் தராத வாக்கை நம்பாதீர்கள். சிங்களத்திலோ இங்கிலீசிலோ ஒப்பந்தம் கொடுத்தால், வாசித்துச் சொல்ல ஆள் கிடைக்கும்வரை கையெழுத்து வேண்டாம் என்று பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, வருகைக் கொடுப்பனவு எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேணும். மேலதிக நேரப் பணத்துக்குச் சேமலாப நிதி கிடையாது. பயிற்சி முடியும் தேதியும் கடதாசியில் இருக்க வேணும். பிரச்சினை என்றால் மட்டக்களப்பிலும் தொழில் அலுவலகம் இருக்குது, தமிழில் முறையிடலாம்.

இரண்டு மூன்று வருஷம் தைத்துவிட்டு ஊர் திரும்பிய பிள்ளைகள் எமது தோட்டங்களில் நிறைய. "என்ன தெரியும்?" என்று கேட்டால் "கொலர் வைப்பேன்" என்கிறார்கள். கொலர் மட்டும்தான் தெரியும், ஏனென்றால் அந்த ஒரு மெசினை விட்டு எழும்ப விடவில்லை. வேலையில் இருக்கிறவர்கள் சுப்பவைசரிடம் இரண்டாவது மெசின் கேட்டுப் பழகுங்கள். கூடுதல் வேலை தெரிந்தவளை லைனில் எங்கும் போடலாம் என்பதால் அவளுக்குத்தான் மதிப்பு.

திரும்பி வந்தவர்களுக்கும் வழி இருக்குது. தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ சான்றிதழுக்கு மறுபடி வகுப்பில் உட்கார வேண்டிய கட்டாயம் இல்லை. வேலையில் பழகின திறமையை மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கிற முறை நைட்டாவில் உண்டு. செய்து காட்ட வேணும், வேலை செய்ததற்கு ஆதாரமும் காட்ட வேணும். ஆகவே பழைய சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், சேமலாப நிதி அட்டை எதையும் அடுப்பில் போடாதீர்கள். இருப்பதை அடையாள அட்டையோடு நலன்புரி அலுவலகத்துக்குக் கொண்டுவந்தால், விண்ணப்பம் நிரப்ப நாங்கள் உதவுவோம்.