லிப்பிட் ரிப்போர்ட்டில் எந்த எண்ணைப் பார்ப்பது?

பீர்க்கன்கரணையில் காலையில் ரத்தம் கொடுத்தால் மாலைக்குள் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. டாக்டர் பார்ப்பதற்கு முன்பே வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்துவிடுகிறார்கள். பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரின் லிப்பிட் ப்ரொஃபைல் இப்படி வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்: மொத்தக் கொலஸ்ட்ரால் 262, ஹெச்.டி.எல். 34, டிரைகிளிசரைடு 486. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். இருக்க வேண்டிய இடத்தில் எண்ணே இல்லை, ‘கணக்கிட இயலவில்லை’ என்று ஒரு வரி மட்டும். 486 தடித்த எழுத்தில், பக்கத்தில் நட்சத்திரத்தோடு நிற்கிறது. அது 150-க்குள் இருக்க வேண்டும்.

அன்று ராத்திரியே அந்த வீட்டுச் சமையலறையில் சட்டங்கள் மாறும். வடை கிடையாது, முட்டை கிடையாது, தாளிக்கக்கூட எண்ணெய் ஒரு சொட்டுதான். எதிர் வீட்டுக்காரர் தினமும் நாலு பல் பூண்டு என்பார். அலுவலக நண்பர் போனில், “எதுக்கும் ஒரு ஆஞ்சியோ எடுத்துப் பார்த்துடுங்க அண்ணே” என்பார். எல்லோரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் எல்லோருடைய கண்ணும் ஒரே எண்ணில் நிற்கிறது. சர்க்கரை உள்ளவரின் ரத்தத்தில் டிரைகிளிசரைடு ஏறுவதற்குப் பல நேரம் அந்தச் சர்க்கரையே காரணம். இதயத்துக்கு அதிகக் கெடுதி செய்கிற எண்ணோ, இந்த ரிப்போர்ட்டில் அச்சாகவே இல்லை.

இது அபூர்வமான ரிப்போர்ட் ஒன்றும் இல்லை. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. அதன்படி தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய்; நாட்டின் சராசரி 11.4. அதே ஆய்வின் முதல் கட்டம் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் நடந்தபோது ரத்தக் கொழுப்பையும் அளந்தார்கள். 2014-இல் வெளியான அந்தக் கணக்கில் 79 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு கொழுப்பாவது அளவு தவறியிருந்தது. நல்ல கொழுப்பு எனப்படும் ஹெச்.டி.எல். குறைந்திருந்தவர்கள் 72.3 சதவீதம், டிரைகிளிசரைடு கூடியிருந்தவர்கள் 29.5 சதவீதம். டிரைகிளிசரைடு மேலே, ஹெச்.டி.எல். கீழே என்ற ஜோடி நம் ஊர் உடம்புகளில் சாதாரணமாகக் காணக்கூடியது. ஒல்லியான கைகாலும் முன்தள்ளிய வயிறுமாக இருப்பவர்களிடம் இன்னும் அதிகம்.

டிரைகிளிசரைடு என்பது உடம்பு எரிபொருளாகச் சேமித்து வைக்கும் கொழுப்பு. கல்லீரல் அதைச் சின்னச் சின்னப் பொதிகளாகக் கட்டி ரத்தத்தில் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள ஒரு நொதி அந்தப் பொதியைப் பிரித்து உள்ளே எடுத்துக்கொள்ளும். அந்த நொதி சரியாக வேலை செய்ய இன்சுலின் வேண்டும். கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு கரைந்து ரத்தத்துக்கு வராமல் பிடித்து வைப்பதும் இன்சுலின்தான். இன்சுலின் குறைந்தால், அல்லது இருந்தும் அதன் பேச்சை உடம்பு கேட்காவிட்டால், இரண்டு பக்கமும் கெடுகிறது: கல்லீரலுக்குச் சரக்கு கூடுதலாக வருகிறது, அது அதிகப் பொதிகளை அனுப்புகிறது, இறக்குகிற இடத்தில் ஆள் இல்லை. பொங்கலுக்கு முந்தைய ராத்திரி பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலை எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது ரத்தக்குழாய்.

அதனால்தான் 486-ஐப் பார்த்ததும் டாக்டர் முதலில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் கேட்கிறார். அந்த ஹெச்பிஏ1சி 10 என்றிருந்தால், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தாலே டிரைகிளிசரைடு கணிசமாக இறங்கும். தனியாக ஒரு மருந்து தேவைப்படாமலும் போகலாம். ஹெச்பிஏ1சி 6.8 ஆக இருந்தும் டிரைகிளிசரைடு 486 என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். தைராய்டு குறைவு, சிறுநீரகக் கோளாறு, மது, ஸ்டீராய்டு மாத்திரைகள், ஈஸ்ட்ரோஜன் கலந்த ஹார்மோன் மாத்திரைகள், மனநோய்க்கான சில மருந்துகள் எல்லாமே அதைத் தூக்கிவிடக்கூடியவை. பெண்களிடம் தைராய்டைப் பார்க்காமல் கொழுப்புக்கு மட்டும் மாத்திரை எழுதுவது பாதி வைத்தியம்தான்.

அளவே சரிதானா என்பதும் ஒரு கேள்வி. டிரைகிளிசரைடு நாளுக்கு நாள் ஏறி இறங்கும். முந்தின ராத்திரி கல்யாண ரிசப்ஷனில் சாப்பிட்டுவிட்டு, விடியற்காலை ஆறு மணிக்குப் போய்க் கை நீட்டினால் எண் ஏறித்தான் இருக்கும். சாதாரணப் பரிசோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை என்று இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் டிரைகிளிசரைடு இவ்வளவு தூரம் போயிருக்கும்போது, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்து இன்னொரு முறை பார்த்துவிடுவது நல்லது.

எல்.டி.எல். ஏன் காணாமல் போனது? பெரும்பாலான பரிசோதனை நிலையங்கள் அதை நேரடியாக அளப்பதில்லை. அமெரிக்காவில் வில்லியம் ஃப்ரீட்வால்டும் சகாக்களும் 1972-இல் சொன்ன சூத்திரத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள்: மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து ஹெச்.டி.எல்.-ஐயும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு பொய் சொல்லும். அதனால் கம்ப்யூட்டர் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறது. அதற்குச் சுலபமான மாற்று உண்டு. 262-இல் 34-ஐக் கழித்தால் 228. நல்ல கொழுப்பைத் தவிர மற்றதெல்லாம் சேர்ந்த தொகை இது; டாக்டர்கள் ‘நான்-ஹெச்.டி.எல்.’ என்பார்கள். சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் இது அதிகம் மாறாது. மேலே சொன்ன 2024 வழிகாட்டுதல்படி, சர்க்கரை நோய் போல ஆபத்து கூடியவர்களுக்கு இது 100-க்குக் கீழே, எல்.டி.எல். 70-க்குக் கீழே இருக்க வேண்டும். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு எல்.டி.எல். 55-க்குக் கீழே.

ஆக, நட்சத்திரம் விழ வேண்டியது அச்சாகாத அந்த 228-க்கு.

இதைச் சும்மா சொல்லவில்லை. டிரைகிளிசரைடைக் குறைத்தால் மாரடைப்பு குறையுமா என்று பெரிய அளவிலேயே பார்த்துவிட்டார்கள். பெமாஃபைப்ரேட் என்ற மருந்தை வைத்து 24 நாடுகளில் 10,497 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2022-இல் வந்தது. டிரைகிளிசரைடு 26 சதவீதம் இறங்கியது. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. இதற்கு நேரெதிரான கதை 2004-இல் வெளியானது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 2,838 சர்க்கரை நோயாளிகளில், எல்லோரும் எல்.டி.எல். பெரிதாகக் கூடாதவர்களே, ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தினம் 10 மில்லிகிராம் அடோர்வாஸ்டாடின் என்ற ஸ்டாட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 37 சதவீதம் குறைந்தன. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையை இரண்டு வருடம் முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். டிரைகிளிசரைடுக்கென்று இந்தியாவிலேயே கண்டுபிடித்த மருந்தும் உண்டு. அகமதாபாத்தின் ஜைடஸ் நிறுவனம் உருவாக்கிய சரோகிளிட்டாசருக்கு 2013-இல் அனுமதி கிடைத்தது. சர்க்கரையோடு வரும் கொழுப்புக் கோளாறுக்கு அதைப் பல டாக்டர்கள் எழுதுகிறார்கள். ஆனாலும் நாற்பது வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிக்கு முதலில் எழுத வேண்டியது ஸ்டாட்டின்தான்.

அதற்காக டிரைகிளிசரைடை அப்படியே விட்டுவிடலாம் என்றில்லை. 500-ஐத் தாண்டினால் கணக்கு மாறுகிறது, 1000-க்கு மேல் போனால் அவசரம். அந்த நிலையில் ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்தால் மேலே நிற்கும் சீரம் பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கும். பரிசோதனைக் கூடத்தில் இருப்பவர்களுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும். இங்கே பயம் கணையத்துக்கு. திடீரென மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி, அது முதுகுக்குப் பாய்வது, நிற்காத வாந்தி என்றால் கேஸ் டிரபிள் என்று சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது. ரத்தத்தில் கொழுப்பு அதிகமாக மிதக்கும்போது கணைய அழற்சியைக் கண்டுபிடிக்கச் செய்யும் அமைலேஸ் பரிசோதனை இயல்பு போலப் பொய்யாகக் காட்டுவதுண்டு. அதனால் டிரைகிளிசரைடு கூடுதல் என்பதை மருத்துவமனையில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த வகையினருக்கு டிரைகிளிசரைடைக் குறைக்கும் ஃபைப்ரேட் மருந்து உடனே தேவை. எண்ணெய், நெய், தேங்காய் எல்லாவற்றையும் கடுமையாகக் குறைப்பதும் இவர்களுக்குத்தான் முதல் வேலை. டாஸ்மாக் பக்கம் போகவே கூடாது. சர்க்கரை நோயும் மதுவும் சேர்ந்தால் டிரைகிளிசரைடு ஆயிரங்களில் ஏறக்கூடும்.

486 அந்த எல்லைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். இவர் சாப்பாட்டில் எதை மாற்ற வேண்டும்? வடையை நிறுத்தியதில் தப்பில்லை. ஆனால் வடையும் முட்டையும் போன இடத்தில், பசிக்கு இன்னொரு கரண்டி சோறு வந்து உட்கார்ந்துவிடுகிறது. வேண்டிய அளவுக்கு மேல் போகும் மாவுச்சத்தையும் இனிப்பையும் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றி அனுப்பும். சென்னையில் நடந்த ‘க்யூர்ஸ்’ ஆய்வில், தீட்டிய அரிசி போன்ற தானியங்களை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு டிரைகிளிசரைடு அதிகமாகவும் ஹெச்.டி.எல். குறைவாகவும் இருந்தது; அந்த முடிவு 2009-இல் வெளியானது. நம் நாட்டில் சாப்பாட்டின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று 2025-இல் இன்னொரு ஆய்வு கணக்கிட்டது. காலையில் இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி தோசை, நடுவில் டீயும் பிஸ்கட்டும் என்று ஓடுகிற வீட்டில் எண்ணெயை மட்டும் பிழிந்து எடுப்பதால் பெரிய மாற்றம் வராது. ஒரு கரண்டி சோற்றுக்குப் பதில் சுண்டலோ, கீரைக் கூட்டோ, குழம்பு மீனோ வந்தால் வரும். உடம்புக்கு நல்லது என்று வாங்கும் பழ ஜூஸையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

எண்ணெய் விஷயத்தில் பார்க்க வேண்டியது வகையையும்தான். ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலில் பாதிக்குச் சற்றுக் குறைவு நிறைவுற்ற கொழுப்பு. அது ஏற்றுவது எல்.டி.எல்.-ஐ. குறைந்த விலையால் தாராளமாக ஊற்றுவதுதான் சிக்கல். கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ அளந்து ஊற்றுவது மேல்.

எடைக்கும் டிரைகிளிசரைடுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தால் டிரைகிளிசரைடு 20 சதவீதம் வரை இறங்கலாம். எண்பது கிலோக்காரருக்கு அது நாலு முதல் எட்டுக் கிலோ. தினமும் அரை மணி நேரம் வேகமாக நடப்பது இதற்கு உதவும். ஜி.எஸ்.டி. சாலையில் அது நடக்காது, உள்தெருக்களைத்தான் நம்ப வேண்டும்.

பூண்டு, வெந்தயம், கஷாயம் பற்றியும் ஒரு வார்த்தை. தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005-லிருந்து தாம்பரம் சானடோரியத்தில் இயங்குவதால், இந்தப் பக்கத்து மக்கள் பலர் இரண்டு வைத்தியத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள். அங்கே சாப்பிடும் மருந்தை இங்கேயும், இங்கே சாப்பிடுவதை அங்கேயும் சொல்லிவிட வேண்டும். யாரிடமும் சொல்லாமல் ஸ்டாட்டினை நிறுத்திவிட்டுக் கஷாயத்துக்கு மாறுவதுதான் ஆபத்து.

ஸ்டாட்டின் மேல் உள்ள பயம் பெரும்பாலும் தசை வலி பற்றியது. இந்த மாத்திரையை வலி காரணமாக நிறுத்திய 60 பேரிடம் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஒரு சோதனை நடத்தியது. நாலு மாதம் அசல் மாத்திரை, நாலு மாதம் மருந்தே இல்லாத போலி, நாலு மாதம் வெறும் டப்பா, மாற்றி மாற்றி. 2020-இல் முடிவு வந்தது: அசல் மாத்திரையில் அவர்கள் உணர்ந்த தொந்தரவில் 90 சதவீதம் போலியிலும் இருந்தது. அதற்காக வலியே பொய் என்று யாரும் சொல்லவில்லை. நிஜமாகவே தசை பாதிக்கப்படும் சிலருக்கு மருந்தை மாற்றவோ அளவைக் குறைக்கவோ வழி இருக்கிறது. ஸ்டாட்டின் சர்க்கரையைச் சற்றே கூட்டும் என்பதும் உண்மைதான். சர்க்கரை நோயாளிக்கு அந்தச் சிறு ஏற்றத்தைவிட மாரடைப்பைத் தடுக்கும் லாபம் பெரியது.

அடோர்வாஸ்டாடின் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டுக்கே வருகின்றன. அவற்றை வாங்குகிறவர்கள் தங்கள் லிப்பிட் ரிப்போர்ட்டை ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் காட்டி, ஸ்டாட்டின் வேண்டுமா என்று கேட்கலாம். மாத்திரை தொடங்கினால் நாலு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள், முடிந்தால் அதே பரிசோதனை நிலையத்தில், மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். டிரைகிளிசரைடு 400-க்குக் கீழே இறங்கியிருந்தால் எல்.டி.எல். அந்த ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கும்.