தரத்துக்கு இலக்கணம் வகுத்த பேராசிரியர்

படுக்கைகளின் ஒதுக்கீடு, செவிலியரின் பணிமுறை, மருந்துக் கொள்முதல், பதிவேடுகள், வரவு செலவு ஆகிய அனைத்தையும் ஒழுங்குபடுத்தி, மருத்துவர் அறிந்த மருத்துவம் நோயாளியிடம் குறைவின்றிப் போய்ச் சேரும்படி செய்வதே மருத்துவமனை நிர்வாகம் என்னும் துறையின் பணியாகும். இதற்கெனத் தொடங்கி நிலைத்து நின்ற முதல் பல்கலைக்கழகப் பட்டமேற்படிப்பு, மைக்கேல் டேவிஸ் என்பவரின் முயற்சியால் 1934இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் உருவாயிற்று. மருத்துவப் புலமைக்கும் கணக்கியலுக்கும் இடையில் நின்ற இளந்துறை என்பதால், அதன் ஆசிரியர்கள் எதைக் கற்பிக்க வேண்டும் என்பதே நெடுங்காலம் தெளிவாகாமல் இருந்தது. அந்தத் தெளிவை அளித்தவர்களுள் முதன்மையானவராக, 1961 முதல் 1989 வரை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவெடிஸ் டொனபீடியனைக் கூறலாம்.

மருத்துவரிலிருந்து ஆசிரியராக

டொனபீடியன் 1919இல் பெய்ரூட்டில், துருக்கிய ஒட்டோமான் பேரரசில் நிகழ்ந்த இனப்படுகொலைக்குத் தப்பிய ஆர்மீனியக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். எருசலேமுக்கு அருகிலுள்ள ரமல்லாவில் வளர்ந்து, பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் 1940இல் இளநிலைப் பட்டமும் 1944இல் மருத்துவப் பட்டமும் பெற்ற அவர், எருசலேமில் மருத்துவராகப் பணியாற்றிய பின், தாம் பயின்ற பல்கலைக்கழகத்துக்கே திரும்பி அங்குக் கற்பித்ததோடு, மாணவர்களுக்கான மருத்துவ நிலையத்தையும் கவனித்துவந்தார். 1955இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டம் பெற்றதும் அவருடைய வாழ்க்கை வேறு திசையில் திரும்பியது. தனியொரு நோயாளிக்கு மருத்துவம் செய்வதினும், ஒரு சமூகம் முழுவதற்கும் மருத்துவம் எவ்வாறு கிடைக்கிறது என்பதை ஆராய்வதே இனித் தம் தொழில் எனக் கொண்ட அவர், பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு 1961இல் ஆன் ஆர்பர் நகரிலுள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பள்ளியில் சேர்ந்தார். அங்கு மருத்துவச் செலவின் பொருளாதாரத்தை முன்னோடியாக ஆராய்ந்த நேதன் சினாய் என்பவரின் பெயரால் அமைந்த சிறப்புப் பேராசிரியர் இருக்கை 1979இல் அவருக்கு வழங்கப்பட்டது.

அவருக்கு முன் இருந்த நிலை

மருத்துவத்தின் தரத்தை அளக்க வேண்டும் என்னும் எண்ணம் டொனபீடியனுக்கு முன்பே தோன்றியிருந்தது. பாஸ்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, சிகிச்சை பெற்ற ஒவ்வொரு நோயாளியையும் பின்தொடர்ந்து அவர் நலமடைந்தாரா என்று பார்த்து, தவறியிருந்தால் அதன் காரணத்தை வெளியிட வேண்டும் என வற்புறுத்தி, சக மருத்துவர்களின் பகையைத் தேடிக்கொண்டார். அமெரிக்க அறுவை மருத்துவர் கழகம் முதலாம் உலகப் போர் முடிவுற்ற காலத்தில், 100 படுக்கைகளும் அதற்கு மேலும் கொண்ட 692 மருத்துவமனைகளை ஆய்ந்தபோது, முறையான நோயாளிப் பதிவேடு, ஆய்வுக்கூடம் முதலிய மிகக் குறைந்த தகுதிகளையே எதிர்பார்த்தும் 89 மருத்துவமனைகளே தேறின. பெயர்பெற்ற மருத்துவமனைகளும் தேறாதவற்றுள் இருந்ததால், அப்பட்டியல் வெளியிடப்படாமல் எரிக்கப்பட்டது.

பின்வந்த நாற்பது ஆண்டுகளில் ஒருவர் கட்டடத்தையும் கருவியையும் எண்ணினார். மற்றொருவர் பதிவேடுகளைப் படித்து மருத்துவரின் முடிவுகளைச் சீர்தூக்கினார். வேறொருவர் இறப்பு விகிதத்தைக் கணக்கிட்டார். இவர்கள் அனைவரும் ஆராய்ந்தது தரம் என்னும் ஒரே பொருளை எனினும், ஒருவர் கண்டதை மற்றவர் கண்டதோடு ஒப்பிட்டுப் பேசுவதற்குப் பொதுவான சொற்கள் அமையவில்லை. இந்நிலையில் 1965இல் முதியோருக்கான மெடிகேர் என்னும் அரசுக் காப்பீட்டுத் திட்டமும், வறியோருக்கான மெடிகெய்ட் திட்டமும் அமெரிக்காவில் சட்டமானதால், அரசு செலவிடும் பணத்துக்கு எத்தகைய மருத்துவம் கிடைக்கிறது என்னும் கேள்வி நிர்வாகிகள் தட்டிக்கழிக்க முடியாததாயிற்று.

மூன்று சொற்கள்

அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறையின் ஆய்வுக்குழு ஒன்றுக்காக டொனபீடியன் எழுதி, 1966இல் மில்பாங்க் நினைவு நிதியத்தின் காலாண்டிதழில் வெளிவந்த நீண்ட கட்டுரை, மருத்துவப் பராமரிப்பின் தரத்தை மதிப்பிடுவது பற்றியது. அதில் புதிய களஆய்வோ புதிய புள்ளிவிவரமோ கிடையாது. பிறர் செய்த ஆய்வுகளைப் படித்து, அவை எதனை, எவ்வாறு அளந்தன என்று வகைப்படுத்திய திறனாய்வே அக்கட்டுரை. மொழி வழக்கில் வந்த பின்னரே அதற்கு இலக்கணம் பிறக்கிறது என்பதைத் தமிழ் மரபு நன்கறியும். டொனபீடியன் செய்ததும் இலக்கணப் பணியே. சிதறிக்கிடந்த அளவுகோல்களை அவர் கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என மூன்றாகப் பகுத்தார்.

கட்டமைப்பு என்பது மருத்துவம் நிகழும் சூழலைக் குறிப்பது. கட்டடம், கருவி, பணியாளரின் எண்ணிக்கையும் தகுதியும், நிதி, நிர்வாக ஒழுங்கு ஆகியவை இதில் அடங்கும். செயல்முறை என்பது நோயாளிக்கு உண்மையில் செய்யப்பட்டவற்றை, அதாவது நோய்க்குறிகளைக் கேட்டறிவது முதல் பரிசோதனை, நோய் கணிப்பு, சிகிச்சை, அறிவுரை வரை உள்ளவற்றைக் குறிக்கும். விளைவு என்பது இவற்றின் பயனாக நோயாளியின் உடல்நிலையிலும் மனநிறைவிலும் ஏற்படும் மாற்றம்.

ஒரு பிரசவ வார்டை எடுத்துக்கொண்டால் இப்பகுப்பு எளிதில் விளங்கும். இரவும் பகலும் பயிற்சி பெற்ற செவிலியர் இருப்பதும், உதிரப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் ஊசிமருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்கும் குளிர்பதனப் பெட்டி இருப்பதும் கட்டமைப்பு. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் அம்மருந்தைத் தாய்க்குச் செலுத்தி உதிரப்போக்கைக் கவனிப்பது செயல்முறை. தாய் மிகையான உதிரப்போக்கின்றி நலமாக வீடு திரும்புவது விளைவு. பெட்டி இருந்தும் மின்சாரம் இல்லையெனில் மருந்து வீரியம் இழக்கும். மருந்து நன்றாக இருந்தும் உரிய நேரத்தில் செலுத்தப்படாவிட்டால் பயன் குறையும். நல்ல கட்டமைப்பு நல்ல செயல்முறைக்கான வாய்ப்பையும், நல்ல செயல்முறை நல்ல விளைவுக்கான வாய்ப்பையும் கூட்டுகின்றன என்பதே டொனபீடியனின் கருத்து.

இம்மூன்றில் எது சிறந்த அளவுகோல் என்னும் விவாதத்தில் அவர் ஒரு பக்கம் சாயவில்லை. கட்டமைப்பை எண்ணுவது எளிது, ஆனால் அதற்கும் நோயாளியின் நலத்துக்கும் உள்ள தொடர்பு பல நேரங்களில் தளர்வானது. விளைவே இறுதிச் சான்று போலத் தோன்றினாலும், நோயாளியின் வயது, நோயின் கடுமை, வறுமை ஆகியவையும் அதில் கலந்திருப்பதால், கடுமையான நோயாளிகளை ஏற்கும் மருத்துவமனையின் இறப்பு விகிதம் கூடுதலாகத் தெரிவதை மட்டும் வைத்து அதனைத் தாழ்ந்தது எனத் தீர்ப்பளிக்க இயலாது. செயல்முறையை நேரே காணலாம் என்றாலும், பதிவேட்டில் எழுதப்படாத நற்செயலும், எழுதப்பட்டும் செய்யப்படாத செயலும் உண்டு. ஆகவே மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய நெறி.

கட்டுரையிலிருந்து நூல்களுக்கு

1973இல் மருத்துவப் பராமரிப்பு நிர்வாகத்தின் கூறுகள் பற்றிய பெருநூலையும், 1980, 1982, 1985 ஆகிய ஆண்டுகளில் தர மதிப்பீட்டைப் பற்றிய மூன்று தொகுதிகளையும் அவர் வெளியிட்டார். மருத்துவரின் தொழில்நுட்பத் திறனும், அவர் நோயாளியோடு பழகும் முறையும் வெவ்வேறு கூறுகள் என்றும், இரண்டாவது குன்றினால் முதலாவதும் பயன் தராமற்போகும் என்றும் அவர் விளக்கினார். ஓரளவுக்கு மேல் செய்யப்படும் பரிசோதனைகளும் சிகிச்சைகளும் கூடுதல் நலம் தராமல் செலவையும் தீங்கையும் மட்டுமே கூட்டுவதால், மிகுதியான மருத்துவம் என்பதே உயர்ந்த மருத்துவம் ஆகிவிடாது என்றும் காட்டினார். 1990இல் தரத்துக்கு ஏழு தூண்கள் உண்டு என வகுத்தார்: அறிவியலால் இயலும் உச்ச நலம், நடைமுறையில் உண்மையாகக் கிடைக்கும் நலம், அந்நலம் குன்றாமல் செலவைக் குறைத்தல், செலவுக்கும் பயனுக்கும் உகந்த சமநிலை, நோயாளியின் விருப்பத்துக்கு இசைதல், சமூகத்தின் ஒப்புதலுக்கு இசைதல், நலத்தையும் அதன் சுமையையும் நீதியாகப் பகிர்தல். இவற்றுள் கடைசி இரண்டும் ஒரு மருத்துவரின் மேசையைத் தாண்டி ஆட்சியாளரையும் குடிமக்களையும் நோக்கியவை.

தாமே நோயாளியானபோது

நீண்ட காலம் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோயால் துன்புற்ற டொனபீடியனுக்கு, தாம் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த மருத்துவ அமைப்பின் உள்ளேயே நோயாளியாக நுழைய நேர்ந்தது. 2000ஆம் ஆண்டு நவம்பரில் அவர் மறைவதற்குச் சிறிது காலம் முன்பு அளித்து, 2001இல் 'ஹெல்த் அஃபேர்ஸ்' இதழில் வெளிவந்த நேர்காணலில், தமக்குக் கிடைத்த மருத்துவத்தின் குறைகளை அவர் ஒளிக்காமல் பேசினார். அமைப்புகளைத் திருத்தமாக வடிவமைப்பது தேவையே என்றாலும், அவை வழிவகுக்கும் கருவிகள் மட்டுமே என்றும், அவற்றை இயக்குவோரின் அறநெறியும், நோயாளியிடமும் தொழிலிடமும் அவர்கள் கொண்ட அன்புமே இறுதியில் தரத்தைக் காக்கின்றன என்றும் அவர் கருதினார். அளவுகோல்களை வகுத்தவரே அளவுகோலின் எல்லையையும் சுட்டிச்சென்றது அவருடைய புலமையின் முழுமையைக் காட்டுகிறது.

அவருடைய பகுப்பை நினைவூட்டும் நெறிகள் இந்தியாவிலும் உண்டு. இங்கு நடுவண் சுகாதார அமைச்சகம் அரசு மருத்துவமனைகளுக்காக வகுத்துள்ள தேசியத் தர உறுதி நெறிகள், சேவை வழங்கல், நோயாளர் உரிமை, உள்ளீடுகள், துணைச் சேவைகள், மருத்துவச் சேவைகள், தொற்றுத் தடுப்பு, தர மேலாண்மை, விளைவு என எட்டுப் பிரிவுகளாக அமைந்திருக்கின்றன. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கும் பொருந்தும் இந்நெறிகளின்படி சோதிக்கவரும் மதிப்பீட்டாளர், நேரில் பார்த்தும், பணியாளரை வினவியும், பதிவேட்டைப் படித்தும், நோயாளியைக் கேட்டும் மதிப்பெண் இடவேண்டும். உள்ளீடுகள், மருத்துவச் சேவைகள், விளைவு எனச் செல்லும் அந்த வரிசையில் டொனபீடியனின் பகுப்பை எளிதில் இனங்காணலாம்.

மருத்துவமனையின் வரவேற்பறையில் தொங்கும் தரச் சான்றிதழைக் காணும் வாசகர் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: இங்கு என்ன இருக்கிறது, இங்கு என்ன செய்யப்படுகிறது, இங்கு வந்தவர் என்ன ஆனார்? முதல் கேள்விக்கான விடையைப் பளிங்குத் தரையும் புதிய கருவிகளும் உரக்கச் சொல்லிவிடும். எஞ்சிய இரண்டுக்கும் விடை கேட்டுப் பெறுவது நோயாளிகளின் உரிமையும் குடிமக்களின் கடமையும் ஆகும்.