ஈரலின் தழும்பைச் சொல்லும் ரத்தச் சீட்டு

திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் கண் மஞ்சளித்தால்தான் பலருக்கு ஈரல் நினைவுக்கு வரும். வரப்போரக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடிப்பார்கள். மஞ்சள் இறங்கியதும் நோய் போய்விட்டதாக நம்புவார்கள். நாட்பட்ட ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களோ பலரிடம் காமாலையே காட்டாமல் இருபது, முப்பது ஆண்டுகள் தங்கி ஈரலைத் தழும்பாக்குகின்றன. அது முற்றினால் சிர்ரோசிஸ், சிலருக்குப் புற்றுநோய்.

முன்பெல்லாம் தழும்பை அறிய ஊசி செலுத்தி ஈரல் திசுவை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது முதற்கட்டக் கணிப்புக்குச் சாதாரண ரத்தப் பரிசோதனையே போதும். ஈரல் செயல்பாட்டைக் காட்டும் எல்.எஃப்.டி. சீட்டிலுள்ள எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதி, ரத்த அணுச் சீட்டிலுள்ள பிளேட்லெட் இரண்டையும் வைத்துப் போடும் 'ஏப்ரி' கணக்கு 2003-இல் வந்தது. இவற்றோடு வயதையும் எஸ்.ஜி.பி.டி. என்ற இன்னொரு நொதியையும் சேர்த்துப் பார்ப்பது 'ஃபிப்-4'.

ஏப்ரியைப் போட்டுப் பார்க்க, ஒருவருக்கு எஸ்.ஜி.ஓ.டி. 80, ஆய்வகத்தின் உச்ச வரம்பு 40 என்று கொள்வோம். 80-ஐ 40-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 200. பிளேட்லெட் 1,20,000, ஆயிரக் கணக்கில் 120. 200-ஐ 120-ஆல் வகுக்க, 1.67. ஹெபடைடிஸ் பி உள்ள பெரியவர்களுக்கு ஏப்ரி எண் 0.5-ஐத் தாண்டினால் கணிசமான தழும்பும், 1-ஐத் தாண்டினால் சிர்ரோசிஸும் இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல்.

ஈரல் செல்கள் சிதையும்போது எஸ்.ஜி.ஓ.டி. ரத்தத்தில் கசிகிறது. தழும்பால் ஈரலுக்குள் ரத்த ஓட்டம் தடைபட்டால் மண்ணீரல் வீங்கி பிளேட்லெட்டுகளைத் தேக்கிக்கொள்கிறது. எஸ்.ஜி.பி.டி. நார்மல் என்பதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. சிர்ரோசிஸ் வந்தவரிடமும் அது நார்மலாக இருக்கலாம்.

டெங்குவிலும் பிளேட்லெட் இறங்கி எஸ்.ஜி.ஓ.டி. ஏறும், மதுவும் எஸ்.ஜி.ஓ.டி.யை ஏற்றும். அப்போது கணக்கு தப்பும். ஆகவே இந்த எண்ணை வைத்து நாமே முடிவுகட்டாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தேவையெனில் அவர் ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்வார். சிர்ரோசிஸ் உறுதியானால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்துப் புற்றுநோயைக் கண்காணிக்க வேண்டும்.

கீழாநெல்லியையும் மருத்துவம் சோதித்தது. சென்னையில் ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜன், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்த பிளம்பர்க்குடன் சேர்ந்து நடத்திய ஆய்வு 1988-இல் 'லான்செட்'டில் நம்பிக்கையூட்டியது. பின்வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை.

மருந்து இன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். ஹெபடைடிஸ் சி பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையில் குணமாகிறது. ஹெபடைடிஸ் பி-யைத் தினசரி மாத்திரை அடக்கிவைக்கிறது. பி அல்லது சி இருப்பதாகத் தெரிந்தவர்கள், உடம்பில் தொந்தரவு இல்லையென்றாலும், பழைய ரத்தச் சீட்டுகளோடு அரசு மருத்துவமனைக்குப் போய், ஈரலில் தழும்பு உண்டா என்று கேளுங்கள். தழும்பு முற்றுமுன் தொடங்கும் சிகிச்சையே ஈரலைக் காக்கும்.