நிச்சயமின்மைக் கொள்கைன்னா 'எதுவுமே நிச்சயமில்லை'ன்னு அர்த்தமா? லட்சுமி வெடி சொல்லும் குவாண்டம் பாடம்

விருதுநகர் மாவட்டம் தாயில்பட்டியைச் சுற்றிப் பட்டாசு ஆலைகள் நிறைய. அங்கே தயாராகும் ஒரு வெடியை வைத்தே, குவாண்டம் இயற்பியலில் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்ட விதியைப் புரிந்துகொள்ளலாம்.

விதி என்ன?

1927-ல் ஜெர்மன் இயற்பியலாளர் வெர்னர் ஹைசன்பர்க், தன் 25 வயதில் சொன்னது இது. ஒரு துகளின் இருப்பிடம், உந்தம் (நிறை × திசைவேகம்) இரண்டும் ஒரே நேரத்தில் துல்லியமாக இருக்க முடியாது. ஒன்றை இறுக்கினால் இன்னொன்று பரவிவிடும்.

கருவியில் கோளாறா?

இல்லை. எலெக்ட்ரானுக்கு அலையின் குணமும் உண்டு. விஷயம் அங்கேதான் இருக்கு. லட்சுமி வெடி 'டமார்'னு வெடிக்கிறது. எந்த நொடியில் என்று சொல்லிவிடலாம். என்ன சுருதி? சொல்ல முடியாது. சுருதிப் பெட்டி அப்படியே தலைகீழ்: சுருதி தெளிவு, ஆனால் 'எந்த நொடியில்?' என்ற கேள்விக்கே அர்த்தமில்லை. எவ்வளவு நல்ல மைக் வைத்தாலும் இது மாறாது. எலெக்ட்ரானின் இருப்பிடமும் உந்தமும் இதே மாதிரியான ஜோடி.

விளைவு எவ்வளவு பெரிசு?

எலெக்ட்ரானை ஓர் அணுவின் அளவுக்குள் (மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) அடைத்தால், அதன் வேகத்தில் நிச்சயமின்மை நொடிக்குக் குறைந்தது சுமார் 580 கி.மீ. அது அணுக்கருவுக்குள் விழுந்துவிடாமல் இருப்பதும் இதனால்தான்.

1 கிராம் மணி மருந்து? அதன் இருப்பிடத்தை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியத்துக்கு அளந்தாலும், இந்த விதியால் வரும் விலகல் ஒரு வருஷம் கழித்தும் ஒரு புரோட்டானின் அகலத்தைக்கூட எட்டாது.

சென்னை கனெக்‌ஷன்

1929-ல் ஹைசன்பர்க் சென்னை வந்தபோது, மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர் அவருக்கு ஊரைச் சுற்றிக்காட்டினார். அடுத்த ஆண்டே இங்கிலாந்து செல்லும் கப்பலில், வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஒரு வரம்பு உண்டு என்று குவாண்டம் விதிகளைக் கொண்டு கணக்குப் போட்டார் அந்த மாணவர். 1983-ல் நோபல் பரிசு பெற்றார்.

அப்போ, பட்டாசு விபத்து?

'எப்போ என்ன நடக்கும்னு யாருக்குத் தெரியும்?' என்று பேசுவது சுலபம். ஆனால் அந்தப் பேச்சுக்கு ஹைசன்பர்க் துணைக்கு வரமாட்டார். மருந்தில் ஏற்படும் உராய்வு, அறையில் அளவுக்கு மீறிய இருப்பு, அனுமதித்ததைவிட அதிக ஆட்கள்: எல்லாமே கண்ணால் பார்க்கக்கூடியவை, எண்ணக்கூடியவை. அதனாலேயே தடுக்கவும் கூடியவை.