மார்லின்: கெட்ட பெயரை மீட்ட கதை

மளிகை வியாபாரிக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் கேட்கலாம். சென்ற ஆண்டு அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். ஒருநாள் மாப்பிள்ளை என்னை ஒரு துப்பாக்கிக் கடைக்கு அழைத்துப் போனார். ஜெய்சங்கரின் கௌபாய் படங்களைப் பார்த்த நாளிலிருந்தே லீவர் துப்பாக்கி மீது எனக்கு ஒரு மோகம் உண்டு.

விசைக்கு அடியில் உள்ள வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், சுட்ட தோட்டாவின் காலிக்கூடு வெளியே விழும். அடுத்த தோட்டா உள்ளே ஏறும். சூட்சுமம் அவ்வளவுதான். 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், ஆவலோடு வாங்குகிறார்கள். (இதில் பெரும் பெயர் எடுத்த ஆலிவர் வின்செஸ்டர், முதலில் சட்டை தயாரித்து விற்றவர். நம் இனம்தான்!)

கடையில் நான் அதிக நேரம் நின்றது மார்லின் துப்பாக்கிகள் முன்னால். 1870இல் ஜான் மார்லின் தொடங்கிய மார்க்கா அது. 2007இல் ரெமிங்டன் கம்பெனி அதை வாங்கியது. பழைய தொழிற்சாலையை மூடி, இயந்திரங்களை நியூயார்க் மாநிலத்துக்கு மாற்றினார்கள். இயந்திரங்கள் தேய்ந்தவை, கைப்பழக்கம் உள்ள பழைய தொழிலாளிகளோ கூட வரவில்லை. மரக்கட்டைக்கும் இரும்புக்கும் இடையே சந்து, கோணலான குறிமுள், தோட்டா சிக்குதல் என்று புகார்கள் வந்தன. வாடிக்கையாளர்கள் 'ரெம்லின்' என்று கேலிப்பெயர் வைத்தார்கள். குழலில் 'ஜே.எம்.' முத்திரை உள்ள பழைய துப்பாக்கியைத் தேடிப்போய் வாங்கினார்கள்.

எனக்கு இது புதிதல்ல. ஒரு பருவத்தில் என் மார்க்கா துவரம்பருப்பில் பழைய சரக்கைக் கலந்துவிட்டேன். லாபம் ஒரு மாதம் நின்றது. போன கடைகள் திரும்பி வர ஆறு வருஷம் ஆயிற்று.

2020இல் ரெமிங்டன் திவாலாகி ஏலத்துக்கு வந்தபோது, மார்லினை ரூகர் கம்பெனி சுமார் 2 கோடியே 80 லட்சம் டாலருக்கு எடுத்தது. எடுத்த கையோடு சரக்கை இறக்கவில்லை. வட கரோலினாவில் தங்கள் ஆலையில் தயாரிப்பை முதலிலிருந்து அமைத்து, 2021 டிசம்பரில்தான் முதல் ரகத்தை அனுப்பினார்கள். அதுவரை கேட்டவர்களுக்கெல்லாம் 'இல்லை' என்ற பதில்தான். கையில் மார்க்கா இருந்தும் ஓராண்டுக்கு மேல் விற்காமல் இருக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

அடுத்து காலிபர், அதாவது தோட்டாவின் அளவு. முதலில் வந்தது .45-70, 1873இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த தடித்த தோட்டா. பிறகு 2023இல் .30-30, .44 மேக்னம் வந்தன. .30-30 தான் மான் வேட்டைக்காரர்களின் நெடுநாள் பழக்கம். ஆனால் ஓஹையோவில் மான் வேட்டைக்கு நேர்சுவர்க் கூடு உள்ள தோட்டாதான் சட்டப்படி செல்லும்; .30-30க்குக் கழுத்து குறுகல். ஆகவே அங்கே .45-70, .44, .357 மூன்றுக்கும் கிராக்கி. சட்டம் ஒரு வரி மாறினால் எந்தச் சரக்கு ஓடும், எது தேங்கும் என்பது நமக்குத் தெரியாததா!

என் ஓட்டு .357க்கு. அதே துப்பாக்கியில் விலை மலிவான .38 ஸ்பெஷலும் சுடலாம். அதே தோட்டா கைத்துப்பாக்கிக்கும் ஆகும். ஒரு பெட்டி, இரண்டு வாடிக்கையாளர். 1873 வின்செஸ்டரின் .44-40 தோட்டாவுக்கு கோல்ட் கம்பெனி கைத்துப்பாக்கி செய்ததும் இந்தக் கணக்கில்தான்.

மாப்பிள்ளைக்கு .45-70 மேல்தான் கண். அதன் பெட்டியில் 20 தோட்டாதான், .38 பெட்டியில் 50 என்று எடுத்துக் காட்டினேன். "மாமா, இது பருப்பு இல்லை" என்று சிரித்தார். கடைக்காரர் மட்டும் என் கணக்கைக் கேட்டுத் தலையாட்டினார்.