எடை குறைந்தால் விலை ஏறும் சரக்கு

நம் கடைகளில் எடை கூடினால் விலை கூடும். ஒரு கிலோ பருப்புக்கு ஒரு விலை, இரண்டு கிலோவுக்கு இரட்டை விலை. ஆனால் எடை குறையக் குறைய விலை ஏறும் சரக்கும் உலகச் சந்தையில் உண்டு. பந்தய சைக்கிளின் உதிரி பாகங்கள்தான் அவை. அதிலும் பின் சக்கரத்தின் ஓரம் தொங்கும் டெரெய்லர் என்னும் கியர் மாற்றிக்குப் போடும் இலகு பாகங்களைப் பற்றி இங்கே எழுதுகிறோம்.

மளிகைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று வணிக நண்பர்கள் கேட்கலாம். எடை போட்டுப் பிழைப்பவர்கள் நாம். எடையைக் குறைத்துப் பிழைப்பவர்கள் அவர்கள் (தராசில் குறைப்பவர்களைச் சொல்லவில்லை!). அந்தத் தொழிலில் நாம் கவனிக்க வேண்டிய நியாயம் ஒன்று இருக்கிறது.

டெரெய்லர் செய்யும் வேலை

பந்தய சைக்கிளின் பின் சக்கரத்தில் பல அளவுகளில் பல்சக்கரங்கள் அடுக்கியிருக்கும். செயினை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளுவது டெரெய்லர். அதன் கீழே கூண்டு போன்ற இரண்டு தகடுகள், அவற்றுக்கு இடையில் இரண்டு சிறு பல்லுருளைகள். மேல் உருளை செயினை வழி நடத்தும். கீழ் உருளை தொய்வை இழுத்துப் பிடிக்கும். மொத்தமும் ஃபிரேமின் பின் காதில் ஒரே போல்ட்டில் தொங்குகிறது.

இத்தாலியின் விச்சென்சா நகரில் 1901இல் இரும்புச் சாமான் கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் துல்லியோ கம்பஞோலோ. 1933இல் தொழில் தொடங்கிய அவரது நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்த 'கிரான் ஸ்போர்ட்' டெரெய்லர் வெகுகாலம் மற்றவர்களுக்கு முன்மாதிரியாக இருந்தது. 1964இல் ஜப்பானின் சன்டூர் நிறுவனம் அதே அமைப்பைச் சாய்வாக வைத்து, மேல் உருளை எல்லாப் பல்சக்கரங்களுக்கும் நெருக்கமாகவே நகரும்படி செய்தது. அந்தக் காப்புரிமை முடிந்த 1984ஆம் ஆண்டிலேயே ஷிமானோ நிறுவனம் 'கிளிக்' என்றால் ஒரு கியர் மாறும் முறையைக் கொண்டுவந்தது. அதுவரை ஓட்டுபவர் கை உணர்வால் சரிசெய்துகொண்ட சிறு பிசகுகளை, அதன் பிறகு பாகங்களின் துல்லியமே தாங்க வேண்டியதாயிற்று. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறோம்.

எதைக் குறைக்கிறார்கள்?

எடை குறைக்கும் மோகம் புதிதல்ல. 1970களில் பந்தய வீரர்களும் பட்டறைக்காரர்களும் பாகங்களில் துளை துளையாகப் போட்டு உலோகத்தைக் குறைத்தார்கள். அந்த நாளிலேயே கம்பஞோலோவின் 'சூப்பர் ரெகார்ட்' டெரெய்லரில் டைட்டானியம் போல்ட்டுகள் வந்துவிட்டன. இன்று தைவான், ஜெர்மனி, இத்தாலி நாடுகளின் சிறு நிறுவனங்கள் அலுமினிய உருளைகள், பீங்கான் பேரிங்குகள், கார்பன் கூண்டுத் தகடுகள், டைட்டானியம் போல்ட்டுகள் என்று தனித்தனியாகவே விற்கின்றன.

கணக்கு இதுதான். ஒரு கன சென்டிமீட்டர் எஃகின் எடை ஏறத்தாழ 7.8 கிராம், டைட்டானியம் 4.5 கிராம், அலுமினியம் 2.7 கிராம். 10 கிராம் எஃகு போல்ட்டை அதே அளவில் டைட்டானியத்தில் செய்தால் 6 கிராமுக்குச் சற்றுக் குறையும். அலுமினியத்தில் செய்தால் சுமார் மூன்றரை கிராம். கேபிளில் இயங்கும் உயர்தர டெரெய்லர் மொத்தமே 160 கிராம் அளவுதான். உருளை, போல்ட், தகடு எல்லாம் மாற்றினாலும் பெரும்பாலும் 20, 30 கிராம்தான் மிச்சம். ஓட்டுபவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் பாட்டிலில் அவ்வளவு எடை குறைந்துவிடும்! அதற்காக டெரெய்லரின் விலையில் பாதிக்கு மேல்கூடச் செலவு செய்பவர்கள் உண்டு.

பந்தயத்துக்கு இது கட்டாயமும் அல்ல. சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 2000ஆம் ஆண்டு முதல் பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதித்திருக்கிறது. அந்தக் கணக்கில் 30 கிராம் என்பது நூற்றுக்கு அரை பங்குகூட இல்லை. பேட்டரியில் இயங்கும் டெரெய்லர் 200 கிராமைத் தாண்டுகிறது. ஆனாலும் பெரிய வீரர்கள் அதையே விரும்பி எடுக்கிறார்கள். கியர் தவறாமல் மாறுவது அவர்களுக்குக் கிராமைவிடப் பெரிது.

எதில் கை வைக்கலாம், எதில் கூடாது?

கீழ் உருளையை மாற்றுவதில் அபாயம் குறைவு. மேல் உருளையில் கவனம் வேண்டும். ஷிமானோவின் மேல் உருளைகள் பலவற்றில் இருபுறமும் சிறிது அசையும் இடம் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. 11 பல்சக்கர வண்டியில் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவிலிருந்து நடுவுக்கு 4 மில்லிமீட்டர்கூட இல்லை. கேபிள் இழுப்பில் நூலளவு பிசகு இருந்தாலும் அந்த அசைவு சரிக்கட்டிவிடும். அசைவே இல்லாத இலகு உருளையைப் போட்டால் கிராம் குறையும், இரைச்சல் கூடும், கியரும் தடுமாறும். வீண் என்று தோன்றும் இடைவெளியும் சில இடங்களில் வேலை செய்துகொண்டிருக்கிறது.

உருளையைப் பிடிக்கும் போல்ட்டுகளை டைட்டானியத்தில் மாற்றலாம். இளகாமல் பிடிக்கும் பசை தடவி, டார்க் ஸ்பேனரால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கே முடுக்க வேண்டும். ஷிமானோவின் அளவு பொதுவாக 2.5 முதல் 5 நியூட்டன் மீட்டர். கைக்கணக்கில் முடுக்கினால் இலகு போல்ட்டின் தலை வழுக்கிவிடும்.

டெரெய்லரையே தாங்கும் தொங்கு போல்ட்டிலும், கேபிளைப் பிடிக்கும் போல்ட்டிலும் அலுமினியம் கூடவே கூடாது என்பது எமது உறுதியான கருத்து. தொங்கு போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் முடுக்கு வேண்டும். குலுங்கும் பாதையில் அது ஓயாமல் அடிவாங்கும். எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழான அடியை எத்தனை முறையும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி எல்லை இல்லை. சிறு அடிகளும் சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் முறித்துவிடும்.

முறிந்தால் என்ன ஆகும்? கூண்டு வளைந்து ஸ்போக்ஸ் கம்பிகளுக்குள் போகும். பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். இறக்கத்தில் வேகமாக வருகிறவர் விழுவார். பெரும்பாலான கார்பன், அலுமினிய ஃபிரேம்களில் பின் காதைத் தனித் துண்டாகச் செய்து, அதுவே முதலில் வளையும்படி வைத்திருக்கிறார்கள். வீட்டு மின்சாரத்துக்கு ஃபியூஸ் கம்பி போல அது ஃபிரேமைக் காப்பாற்றும். ஓட்டுபவரைக் காப்பாற்ற அதனால் முடியாது.

பாகங்களை மாற்றுகிறவர் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் கோளாறு எதில் என்று தெரியாது. முதலில் பின் காது நேராக இருக்கிறதா என்று பார்த்து, மாற்றிய பின் செயின் ஸ்போக்ஸ் பக்கம் போகாமல் தடுக்கும் எல்லைத் திருகுகளைச் சரிபார்த்து, ஸ்டாண்டில் வைத்து எல்லாக் கியரும் போட்டுப் பார்த்து, பிறகுதான் சாலையில் இறங்க வேண்டும். சில நாள் ஓட்டிய பின் போல்ட்டுகளை மறுபடியும் பார்ப்பது அவசியம்.

விற்பவர் கடமை

இந்தச் சரக்கை வாங்குபவர்கள் வீட்டிலேயே எலெக்ட்ரானிக் தராசு வைத்திருக்கிறார்கள். அட்டையில் 12 கிராம் என்று போட்டு, தராசில் 14 காட்டினால் சரக்கு திரும்பி வரும், கடையின் பெயரும் கெடும். அங்கே எடையில் நாணயம் என்பது கூடாமல் கொடுப்பது. நம்மிடம் குறையாமல் கொடுப்பது. இரண்டும் ஒரே நாணயம்தான்.

அதைவிடப் பெரிய கடமை ஒன்று உண்டு. எந்த மாடல் டெரெய்லர், ஓட்டுபவரின் எடை என்ன, பந்தயத்துக்கா தினசரி ஓட்டத்துக்கா என்று கேட்டு, "இந்த போல்ட் உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கையில் வந்த லாபத்தை விடுவது கடினம்தான். ஆனால் இலகு பாகத்தை விற்பவர் உண்மையில் விற்பது, அங்கிருந்து எடுத்துவிட்ட உலோகத்தை. எடுத்தது வேலையில்லாத உலோகமா, உயிரைத் தாங்கிய உலோகமா என்று வாங்குபவருக்குத் தெரியாமல் போகலாம். விற்பவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

செலவைக் குறைத்து, மூட்டையைக் குறைத்து, உறையை மெலிதாக்கி விற்கும் காலம் இது. எதைக் குறைத்தாலும், அது எதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று ஒரு முறை பார்த்துவிட்டுக் குறைப்போம்.